டர்போ இல்லாமல் ஓர் எஸ்டீம்: காற்றுக் கணக்கும் காசுக் கணக்கும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி மலை ஏறும்போது பழைய பெட்ரோல் கார்களுக்கு மூச்சு வாங்கும். மேடு மட்டுமே காரணம் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், வலுவும் அதே அளவுக்குக் குறையும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத என்ஜினுக்கு வெளியில் இருக்கும் காற்றழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் வரவு. அதற்கு மேல் திணிக்க ஆள் கிடையாது. அந்த வரவில் வழியில் சிந்துவதைத் தடுக்கலாம். கைக்கு அடக்கமான செலவில் இப்படி ஒரு என்ஜினை வலுவாக்க நினைப்பவர் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டியது இதைத்தான்.

உதாரணத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த மாருதி எஸ்டீம் காரை எடுத்துக்கொள்கிறேன். அதன் பிற்கால மாடல்களில் வந்த ஜி13பிபி என்ஜின் 1,298 சிசி, 16 வால்வு, ஒற்றை கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 85 குதிரைத்திறன், 4,500-இல் 110 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 2005-இல் இங்கே வந்த முதல் ஸ்விஃப்டிலும் இதே என்ஜின்தான். வண்டியின் எடையோ 900 கிலோவுக்கும் குறைவு. உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது, இதில் கை பழகிய மெக்கானிக்குகளும் நிறைய. சிக்கனமாகச் செய்ய நினைப்பவருக்கு இந்த இரண்டும் பெரிய சொத்து.

இதன் ஒவ்வொரு சிலிண்டரும் 74 மில்லிமீட்டர் போர் (உள் விட்டம்), 75.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). அதாவது சுமார் 325 சிசி. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம் என்றால், சிலிண்டர் முழுக்க நிறைந்தாலும் உள்ளே போவது 0.39 கிராம் காற்று. அதை எரிக்க 27 மில்லிகிராம் பெட்ரோல் போதும். பெட்ரோலைக் கூட்டுவது சுலபம், இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்தால் வந்துவிடும். காற்றைக் கூட்டுவதுதான் பாடு. 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் காற்று ஃபில்டர், த்ராட்டில், மானிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்), போர்ட் (வால்வுக்கு முந்தைய துளை), வால்வு என்று ஐந்து வாசல்களைத் தாண்டி வந்து நிரம்ப வேண்டும்.

அதனால்தான் டர்போ இல்லாத என்ஜினில் டார்க் ஓர் எல்லையைத் தாண்டாது. எஸ்டீம் லிட்டருக்கு 85 நியூட்டன் மீட்டர் தருகிறது. தெருவில் ஓடும் நல்ல என்ஜின்களே 100-ஐ ஒட்டித்தான் நிற்கும். பிறகு குதிரைத்திறன் எங்கிருந்து வரும்? வலு என்பது டார்க்கையும் சுழற்சியையும் பெருக்கினால் வருவது. 6,000-இல் 85 குதிரைத்திறன் என்றால் அந்த இடத்தில் டார்க் சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதே 100-ஐ 7,000 ஆர்பிஎம் வரை விடாமல் பிடித்துக்கொண்டால் 100 குதிரைத்திறன் கிடைத்துவிடும். சிக்கனமான திட்டம் ஒன்றுக்கு இந்தப் பதினைந்து குதிரைகள்தான் நியாயமான இலக்கு என்பேன்.

ஆனால் சுழற்சி சும்மா கிடைப்பதில்லை. பிஸ்டனை மேலும் கீழும் திருப்பும் விசை சுழற்சியின் வர்க்கத்தோடு ஏறும். 6,000-இலிருந்து 7,000-க்குப் போனால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்க வேண்டிய பளு 36 சதவீதம் கூடுகிறது. ஆகவே என்ஜினைத் திறக்கும்போது ராடு போல்ட்டையும் பேரிங்கையும் புதிதாகப் போட்டே தீர வேண்டும்.

சரி, காசை எங்கே முதலில் போடுவது? கேம், ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு) என்று கடை ஏறும் முன் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரெஷன் கேஜ் வாங்குங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றிப் பாருங்கள். நாலுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் இறங்கி நின்றால், அந்தப் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி சுற்றுங்கள். முள் சட்டென்று ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் கசிவது பெரும்பாலும் வால்வு. இருபது வருஷம் ஓடிய என்ஜின் தன் 85 குதிரைகளில் எத்தனையை வழியிலேயே தொலைத்திருக்கிறது என்பதை இந்த அரை மணி நேர வேலை காட்டிவிடும். தொலைந்ததை மீட்பதுதான் இருப்பதிலேயே மலிவான 'மாடிஃபிகேஷன்'. ரீபோர் (சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைவது), புது ரிங், வால்வு லேப்பிங் (வால்வை அது உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்துவது) எல்லாம் லேத் பட்டறையில் அன்றாடம் நடக்கும் வேலை.

வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியதும் இந்தத் திட்டத்தின் இதயமே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்றுக்குக் கிடைக்கும் வழி, வால்வின் சுற்றளவையும் அது எழும்பிய உயரத்தையும் பெருக்கினால் வரும் வளையம். 28 மில்லிமீட்டர் வால்வு என்று வைத்துக்கொண்டால், 7 மில்லிமீட்டர் எழும்பியதும் அந்த வளையத்தின் பரப்பு வால்வின் வட்டப் பரப்பையே எட்டிவிடும். அதுவரை நெருக்கடி முழுக்க, வால்வு உட்காரும் சீட்டை ஒட்டிய சில மில்லிமீட்டரில்தான். அதனால் போர்ட்டை அகலமாகக் குடைவதை விட, சீட்டை 30, 45, 60 என்று மூன்று கோணங்களில் வெட்டுவது காசுக்கு ஏற்ற பலன் தரும். காற்று ஒரே மூலையில் திரும்பாமல் மூன்று சிறு திருப்பங்களில் வழுக்கிக்கொண்டு போகும். போர்ட்டில் வார்ப்புப் பிசிறையும் கேஸ்கெட் ஓரத்தில் இருக்கும் படியையும் மட்டும் எடுத்தால் போதும். அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் காற்றின் வேகம் விழுந்து, ஊருக்குள் ஓட்டும் 2,000–3,000 ஆர்பிஎம்மில் வண்டி செத்துப்போகும். இன்டேக் போர்ட்டைக் கண்ணாடிபோல் பாலிஷ் போடுவது வீண் உழைப்பு.

அடுத்தது கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது. இதில் எதிர்பார்ப்பை அளவோடு வைக்கச் சொல்வேன். 9.5-இலிருந்து 10.5-க்கு ஏற்றினால் ஏட்டுக் கணக்குப்படி கூடும் வலு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக எரியும் அறையில் குறைக்க வேண்டியது வெறும் 4 சிசி, ஹெட்டைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் சீவினால் வந்துவிடும். இங்கே ஊகம் கூடாது, அளக்க வேண்டும். வால்வையும் பிளக்கையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்து, அறையின் வாயில் கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே 50 மில்லி ப்யூரெட்டில் மை கலந்த மண்ணெண்ணெயை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசிக் காற்றுக்குமிழ் ஓட்டைக்கு வந்து வெடித்து மறைந்ததும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு அறைகளும் அரை சிசிக்குள் ஒத்துப்போக வேண்டும். கேஸ்கெட்டின் தடிமனும் பிஸ்டன் தலையின் குழிவும் இந்தக் கணக்கில் சேரும்.

ஹெட்டைச் சீவினால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறையும். டைமிங் பெல்ட் வழியாகக் கேம் கொஞ்சம் பின்தங்கும். சீவிய பிறகு வண்டி மந்தமாகிவிட்டது என்று பலர் புலம்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நகர்த்தக்கூடிய கேம் புல்லி ஒன்று இதைச் சரிசெய்யும். வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறந்து, பதிந்த குழியில் மிச்சமிருக்கும் தடிமனை அளந்தால் போதும்.

இனி கேம். இதைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடிவரும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், பிஸ்டன் எதிர்த்து வந்தாலும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். 7,000 ஆர்பிஎம்மில் இது வரப்பிரசாதம். 1,500-இல் அந்த உந்தம் இருக்காது, நுழைந்த காற்று வந்த வழியே திரும்பிப் போகும். பெரிய கேம் போட்ட வண்டி சிக்னலில் நடுங்குவது இதனால்தான். தாமதமாக மூடும் வால்வு அடி வேகத்தில் சிலிண்டர் அழுத்தத்தைக் குறைப்பதால், பெரிய கேமுக்கு அதிகக் கம்ப்ரெஷன் துணை வேண்டும். இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். தினமும் அலுவலகம் போகும் காருக்கு, இருக்கும் கேமையே மிதமாக மறு கிரைண்டிங் செய்துகொள்வது புதிதாக வாங்குவதை விட மலிவு.

எக்ஸாஸ்டில் 4-2-1 ஹெடர் போதும். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்த்தால் ஒரு ஜோடிக்குள் ஒன்றின் புகை மற்றொன்றின் வழியை மறிக்காது. நடுவேகத்து டார்க் நன்றாக இருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் தெருதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

காற்று ஃபில்டரை இடம் மாற்றப் பெரிய செலவில்லை, பலனோ பெரிது. பானட்டுக்குள் 60 டிகிரியில் கொதிக்கும் காற்று, வெளியே 30 டிகிரியில் இருக்கும் காற்றை விட ஒன்பது சதவீதம் எடை குறைந்தது. ஒரு மீட்டர் குழாயை முன் கிரில் வரை இழுத்தால் கிடைப்பது, கம்ப்ரெஷனை ஏற்றிக் கிடைப்பதை விட அதிகமாகவே இருக்கும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலவைக்கு ஆக்டேன் 95, முன்பு சாதாரண பெட்ரோலுக்கு 91. நாக்கிங்கை (கலவை தானாகவே முன்கூட்டி வெடிப்பதை) தாங்கும் திறன் கூடியதால் 10.5 கம்ப்ரெஷனுக்கு இது நல்ல செய்தி. ஆனால் எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். பழைய இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இதை அறியாது. முழு த்ராட்டிலில் தன் நினைவில் உள்ள பழைய அளவையே ஊற்றும், கலவை மெலிந்து பிஸ்டன் சூடாகும். புகையை அளந்து கலவையைக் காட்டும் வைட்பேண்டு ஆக்சிஜன் சென்சார் வைத்து, முழுப் பளுவில் ஒரு பங்கு எரிபொருளுக்குப் பழைய பெட்ரோல் கணக்கில் 12.5 முதல் 13 பங்கு காற்று என்ற அளவுக்குச் சமமாக ட்யூன் செய்யும் செலவை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரப்பர் ஃப்யூயல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.

கையில் ஒரு லட்சம் இருந்தால் எண்பதாயிரத்துக்குத்தான் திட்டம் போடுங்கள். ஹெட்டைத் திறந்த பிறகு தெரியும் விரிசலுக்கும் தேய்ந்த ஆயில் பம்ப்புக்கும் அந்த மீதி இருபதாயிரம் தேவைப்படும். எதற்கும் தேவைப்படவில்லையென்றால் பிரேக் பேடும் டயரும் வாங்குங்கள்.

எல்லாம் பூட்டி முடித்ததும் முதல் நாளே 7,000-ஐத் தொட மனம் துடிக்கும். ரிங் சிலிண்டர் சுவரோடு படிய மிதமான பளுவை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் நிற்காதீர்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மின்னும் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு, நகத்தால் எடுக்கக்கூடிய துகள் இருந்தால் என்ஜினை மறுபடி திறந்துவிடுங்கள். வால்வுக்கு மேலே விடும் டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு மலை ஏறுங்கள்.