ஸ்டாக் கார்: எந்தச் சரக்கு?

ஒரு மொழிபெயர்ப்பில் 'பங்குக் கார் பந்தய வீரர்' என்று படித்தேன். ஷேர் மார்க்கெட்டில் சம்பாதித்து வாங்கிய காரோ என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். மூலத்தில் இருந்தது ஸ்டாக் கார். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'சரக்குக் கார்' என்று எழுதினால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. சரக்கு என்றால் நமக்கு லாரி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் டாஸ்மாக் ஞாபகம் வரும். ஆனால் அந்த டாஸ்மாக் ஞாபகம் இந்தச் சொல்லின் பூர்வீகத்தோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டாக் என்பது பழைய ஆங்கிலத்தில் அடிமரம், மரக்கட்டை. அடிமரத்திலிருந்துதானே கிளை வரும்? அப்படித்தான் தொழிலுக்குப் போட்ட முதல், கடையில் அடுக்கிய பொருள், கம்பெனியின் பங்கு என்று பொருள்கள் கிளைத்தன. நம் 'முதல்' என்ற சொல்லும் வேர், தொடக்கம் என்பதில் கிளம்பி வியாபார மூலதனத்துக்கு வந்து சேர்ந்ததுதான். 'அந்த சைஸ் ஸ்டாக் இல்லைங்க' என்று செருப்புக்கடைக்காரர் சொல்கிறாரே, அந்த ஸ்டாக்தான் காருக்கு முன்னால் நிற்பது. கடையில் விற்பனைக்கு எப்படி நின்றதோ அப்படியே இருக்கும் கார், எதையும் கழற்றாத, எதையும் சேர்க்காத கார். பைக் வைத்திருக்கும் பையன்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'சைலன்சர் மாத்தினதா, ஸ்டாக்கா?' என்று கேட்கிறார்கள். மெக்கானிக் அதையே 'கம்பெனி ஃபிட்டிங்' என்பார்.

சரி, அந்த இன்னொரு சரக்கு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது போன பிறகும், வரி கட்டாமல் மலைப்பக்கம் காய்ச்சும் சாராயம் நிற்கவில்லை. வட கரோலினா மலைகளிலிருந்து ராத்திரியில் அதைக் கடத்துபவனுக்குப் பார்வைக்குச் சாதாரணமாகவும் போலீஸ் துரத்தினால் பறக்கவும் தெரிந்த கார் வேண்டும். வெளியே குடும்ப ஃபோர்டு, உள்ளே வேறு வண்டி. பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி பின்பக்கம் அமுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி வைப்பார்கள். அந்த ஓட்டுநர்களில் பலர்தான் பிறகு மண் தடங்களில் பந்தயம் ஓட்டினார்கள்.

1947 டிசம்பரில் பில் பிரான்ஸ் என்பவர் டேட்டோனா கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் ஆட்களைக் கூட்டிப் பேசினார். 1948இல் நாஸ்கார் (நேஷனல் அசோசியேஷன் ஃபார் ஸ்டாக் கார் ஆட்டோ ரேசிங்) என்ற பந்தய அமைப்பு பிறந்தது. அந்தப் பெயரின் நடுவிலேயே ஸ்டாக் கார் உட்கார்ந்திருக்கிறது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் அவர்கள் நடத்திய புதுப் பிரிவின் பெயர் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்'. கண்டிப்பாகக் கடையில் விற்ற நிலையிலேயே இருக்கும் வண்டிதான் என்று அர்த்தம். 200 சுற்று ஓடி முதலில் கோட்டைத் தாண்டியவர் கிளென் டன்வே, 1947 மாடல் ஃபோர்டில். வண்டியைச் சோதித்தார்கள். பின் ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. சாராய வண்டிக்காரர்களின் அதே வேலை. டன்வேயைத் தகுதிநீக்கம் செய்து, கான்சாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்கு, அவருடைய லிங்கன் காருக்கு, வெற்றியைக் கொடுத்தார்கள். ஃபோர்டின் சொந்தக்காரர் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டுப் பார்த்தார். நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஸ்டாக் என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வைத்துத்தான் அன்றைக்கு வெற்றி கைமாறியது.

முதல் பந்தயத்திலேயே 'கண்டிப்பாக' என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டதைக் கவனியுங்கள். நம் வீட்டு எண்ணெய்க்கும் இதுதான் நடந்தது. எள்ளின் நெய் எண்ணெய். பிறகு தேங்காயிலிருந்து எடுத்தாலும் எண்ணெய், கடலையிலிருந்து எடுத்தாலும் எண்ணெய் என்று ஆனது. கடைசியில் எள்ளுக்கே 'நல்ல' என்று ஒரு முன்னொட்டு போட்டு நல்லெண்ணெய் என்று அடையாளம் காட்ட வேண்டியதாயிற்று.

ஸ்டாக் என்ற சொல் மாறியதை ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் நாஸ்கார் ஓட்டுநர் நெட் ஜாரெட்டை எடுத்துக்கொள்ளலாம். 1932இல் பிறந்த வட கரோலினாக்காரர், மர அறுவைத் தொழில் செய்த குடும்பம். மகன் பந்தயம் ஓட்டுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு நண்பரின் பெயரில் ஓட்டினார். விஷயம் அப்பா காதுக்குப் போனதும், ஓட்டித்தான் தீருவேன் என்றால் உன் பெயரிலேயே ஓட்டு, பேராவது உனக்கு வரட்டும் என்று விட்டுவிட்டாராம்.

1959இல் ஜூனியர் ஜான்சன் ஓட்டிய ஒரு ஃபோர்டை 2,000 டாலருக்கு வாங்கினார் ஜாரெட். ஜான்சன் வேறு யாருமில்லை, சாராயக் கேஸில் ஜெயிலுக்கே போய்வந்த நட்சத்திர ஓட்டுநர். வங்கி மூடும் நேரம் வரை பொறுத்திருந்து செக் எழுதிக் கொடுத்தார் ஜாரெட். கணக்கில் அவ்வளவு பணம் கிடையாது. அந்த வாரக் கடைசியில் இரண்டு பந்தயம், இரண்டிலும் ஜெயித்தார், செக் பவுன்ஸ் ஆகவில்லை. அப்புறம் 1961, 1965 என்று இரண்டு முறை சாம்பியன், மொத்தம் 50 வெற்றி. 1965 சதர்ன் 500 பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவரைவிட 14 சுற்று முன்னால் இருந்தார். 1966இல் ஃபோர்டு கம்பெனி பந்தயத்திலிருந்து ஒதுங்கியதும், நடப்பு சாம்பியனாக இருந்தபோதே ஓட்டுவதை விட்டார். அப்போது வயது 34.

ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே டேல் கார்னகி பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர் அவர். அது பின்னாளில் சோறு போட்டது. 1978 முதல் வானொலியில் பந்தய வர்ணனை, அப்புறம் சி.பி.எஸ். தொலைக்காட்சியில். 1984இல் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிபர் ரீகனை நேரலையில் பேட்டி கண்டார்.

இங்கே இன்னொரு சொல் குறுக்கே வருகிறது. அமெரிக்க ஒலிபரப்பில் இரண்டு பேர் உட்காருவார்கள். நடப்பதை நடந்தபடி சொல்பவர் ஒருவர், களத்து அனுபவத்தை வைத்து விளக்கம் சேர்ப்பவர் இன்னொருவர். இந்த இரண்டாமவரை 'கலர்' வர்ணனையாளர் என்பார்கள். ஜாரெட் பார்த்தது இந்த வேலை. 'வண்ண வர்ணனையாளர்' என்று எழுதுவது வீண். வர்ணனைக்குள்ளேயே வர்ணம் இருக்கிறது. 'வல்லுநர் வர்ணனையாளர்' என்றால் யாருக்கும் புரியும்.

1993 டேட்டோனா 500 பந்தயம், கடைசிச் சுற்று. முன்னால் போவது ஜாரெட்டின் மகன் டேல் ஜாரெட், ஒட்டிக்கொண்டே வருவது டேல் எர்ன்ஹார்ட். அந்தச் சுற்றை முழுக்க ஜாரெட்டின் கையில் விட்டுவிட்டார்கள். அவர் வர்ணிக்கவில்லை. உள்பக்கம் அவனை விடாதே, போ, போ என்று மகனிடம் பேசிக்கொண்டிருந்தார், கோடிக்கணக்கானவர்கள் கேட்கும் மைக்கில். மகன் ஜெயித்தான். ஒருபக்கம் சாய்ந்துவிட்டோமே என்று பிறகு எர்ன்ஹார்ட்டிடம் வருத்தம் தெரிவிக்கப் போனார். நானும் ஓர் அப்பாதான் என்றாராம் எர்ன்ஹார்ட்.

மகன் ஓட்டியது ஷெவர்லே லுமினா. கடையில் விற்ற லுமினாவை இழுத்தது முன்சக்கரம். பந்தய லுமினாவில் வி8 எஞ்சின், தள்ளுவது பின்சக்கரம். உள்ளே இருந்தது பந்தயத்துக்கென்றே பற்றவைத்த இரும்புக் குழாய்க் கூடு. இன்றைய நாஸ்கார் காரிலோ ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஓட்டுநர் உள்ளே இறங்க வேண்டும்.

ஆக, தமிழில் என்ன எழுதுவது? 1949இல் டன்வேயைத் தோற்கடித்த அந்தப் பொருளுக்கு 'விற்பனைநிலைக் கார்' என்பேன். 'கம்பெனி கார்' வேண்டாம், ஆபீஸில் கொடுத்த வண்டி என்று ஆகிவிடும். 'மாற்றாக் கார்' என்றால் காதில் மாற்றுக் கார் என்று விழும். லுமினாவுக்கும் இன்றைய வண்டிகளுக்கும் விற்பனைநிலை என்று எழுதினால் பொய். அங்கே 'ஸ்டாக் கார்' என்றே விட்டுவிட்டு, முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். பங்கை ஷேர் புரோக்கரிடமே விட்டுவிடலாம்.