எலும்புக்குக் குதித்தால்தான் பிடிக்கும்

"என் மகள் தினமும் ஒரு மணி நேரம் நீந்துகிறாள், அது போதாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தாராளமாகப் போதும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்ததும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம்தான். ஆனால் வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் விளையாட்டு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த வரியைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஓடியாடும் பிள்ளைக்கு உடல் எடை, தூக்கம், மனநிலை எல்லாம் சீராகும் என்பது தெரிந்த கதை, அதை விடுங்கள். எலும்புக்கு வருவோம்.

எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் தனித்தனிக் குழிகளில் உட்கார்ந்துகொண்டு, நுண்ணிய கால்வாய்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கால்வாய் முழுக்கத் திரவம். பிள்ளை குதித்துத் தரையில் இறங்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, ஈரப் பஞ்சை அமுக்கினது போல அந்தத் திரவம் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் பாய்கிறது. பாய்ச்சல் உரசியதும் செல்கள் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தின் சுரப்பைக் குறைக்கின்றன. எலும்பு கட்டும் செல்களைத் தடுத்து வைத்திருந்ததே அந்தப் புரதம்தான். அது குறைந்ததும் கட்டுமானம் ஆரம்பம்! தண்ணீரில் உடம்பு மிதப்பதால் இந்த அதிர்ச்சி கிடைப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை, இந்தச் செல்களுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். எலிகளின் எலும்புக்கு ஒரே அளவு சுமையை மொத்தமாகக் கொடுப்பதைவிட, சில மணி நேர இடைவெளி விட்டுப் பிரித்துக் கொடுத்தபோது எலும்பு கூடுதலாகச் சேர்ந்தது. அதனால் நீச்சல் பாட்டுக்கு இருக்கட்டும், காலையும் மாலையும் சில நிமிடம் ஸ்கிப்பிங் ஆடினால் சரி.

வயதும் முக்கியம். டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை வைத்து ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. மட்டை பிடிக்கும் கையின் எலும்பையும் மற்றக் கையின் எலும்பையும் ஒப்பிட்டார்கள். உடம்பு ஒன்று, சாப்பாடு ஒன்று, ஆட்டம் மட்டும் ஒரு கைக்கு, எவ்வளவு சுத்தமான யோசனை! பூப்படைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, ரொம்பத் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட அந்த வித்தியாசம் 2 முதல் 4 மடங்கு இருந்தது.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும், கம்பியில் தொங்கினால் உயரம் கூடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. முறையாகச் சொல்லிக்கொடுத்துச் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைக் கெடுப்பதற்கு ஆதாரம் இல்லை, உயரப் பவுடருக்குக் கொட்டும் காசும் வீண்தான்.

எலும்பு தேய்ந்த பெண்களுக்கு ரோமோசோசுமாப் என்ற ஊசி மருந்தை 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. அதுவும் இதே ஸ்கிளிரோஸ்டினைத்தான் முடக்குகிறது. அதைக் குறை சொல்லவில்லை, தேவையானவர்களுக்கு அது வரம். ஆனால் கயிறு தாண்டுவதற்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதாலேயே பிள்ளைகளின் எலும்பு ஆய்வுக்குப் பணம் போட ஆள் வருவதில்லை என்பது என் சந்தேகம், அதற்கு அரசுப் பணம்தான் வர வேண்டும்.