பெருக்காட்டம்: ‘ஐடில் கிளிக்கர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

திரையில் ஒரு பொருளைத் தட்டினால் ஓர் எண் கூடும். சேர்ந்ததைக் கொடுத்து, நமக்குப் பதிலாகத் தட்டும் கருவியையோ ஆளையோ வாங்கலாம். பிறகு நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் எண் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த வகை விளையாட்டுக்கு ‘ஐடில் கிளிக்கர்’ என்று பெயர். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் ‘கிளிக்கர் கேம்’.

‘கிளிக்’ ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். மௌஸுக்குச் ‘சொடுக்கு’ சரி. போனில் ஆடும்போது ‘தட்டு’ என்பதே இயல்பு. சிக்கல் ‘ஐடில்’ என்ற சொல்லில்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘வெறுமையான’ என்று பொருள். இன்றைய பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு ‘சோம்பல் விளையாட்டு’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்டாவில் நிலம் சும்மா கிடக்கிறது என்றால் தரிசு என்று பொருள். இந்த ஆட்டத்திலோ ஆடுபவர்தான் சும்மா இருக்கிறார், விளைச்சல் நிற்பதில்லை.

இதே வகைக்கு ‘இன்கிரிமென்டல் கேம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் லத்தீன் வேர் வளர்ச்சியைக் குறிக்கும். ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2013-இல் பிரெஞ்சு நிரலாளர் ஜூலியன் தியென்னோ வெளியிட்ட ‘குக்கி கிளிக்கர்’ ஆட்டத்தில் தட்டித் தட்டிச் சேர்ப்பது பிஸ்கட். முதல் கருவியின் விலை 15 பிஸ்கட். அது பத்து விநாடிக்கு ஒருமுறை தானே தட்டும். ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறும். பதினோராவதை வாங்க 61 பிஸ்கட் வேண்டும். வரவும் பெருகுகிறது, செலவும் பெருகுகிறது. ஆடுபவரை விடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தப் போட்டிதான்.

ஆகவே ‘பெருக்காட்டம்’ என்பேன். ஆடிப் பதினெட்டில் காவிரிக்கரையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடும் நம் ஊர்களில் ‘பெருக்கு’ என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். இலக்கணமும் துணை நிற்கிறது: ‘பெருகு’ தன்வினை, ‘பெருக்கு’ பிறவினை. தொடக்கத்தில் நாம் தட்டித் தட்டிப் பெருக்குகிறோம். பின்னர் அது தானாகப் பெருகுகிறது. ‘பெருகாட்டம்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. பெருகாத ஆட்டம் என்று பொருள் மயங்கும்.

மூலப்பொருள் சேர்க்கும் வகையில், அதே 2013-இல் மைக்கேல் டவுன்சென்ட் உருவாக்கிய ‘எ டார்க் ரூம்’ நல்ல எடுத்துக்காட்டு. முதலில் தீ மூட்டி விறகு பொறுக்க வேண்டும். பிறகு குடிசை போட்டால் ஆட்கள் வந்து குடியேறுவார்கள். வேட்டைக்காரர் கொண்டுவரும் தோலைப் பதனிடுபவர் பதப்படுத்துவார். இதில் சேர்ப்பதற்குத் ‘திரட்டு’ போதும். திரட்டியதைக் கொண்டு வேறொரு பொருளைச் செய்யும் ‘கிராஃப்டிங்’ சற்று யோசிக்க வைக்கிறது. மண்ணை வனைகிறோம், ஓலையை முடைகிறோம், கோரையில் பாய் நெய்கிறோம். பொருளுக்குப் பொருள் நம் வினைச்சொல் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘ஆக்கு’ பொருந்தும்.

எதை எவ்வளவு கலந்தால் எது கிடைக்கும் என்ற பட்டியலைச் ‘சேர்மானம்’ எனலாம். சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து மெழுகு காய்ச்சுகிறார்களே, அதுதான் சேர்மானம். அந்த மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பது செய்முறை. ஆட்டம் நம்மிடம் கேட்பது முன்னதை மட்டுமே. எனவே அங்கே ‘செய்முறை’ என்று எழுதுவது பொருந்தாது.