உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள்

‘டிஸ்ப்ளே ஓரத்தில் விட்டுக்கொண்டு வருகிறது, கொஞ்சம் பசை வைத்து ஒட்டிக் கொடுங்கள்’ என்று பழுது பார்க்க வரும் ஃபோன்களில் பலவற்றில் பசைக்கு எந்தக் குறையும் இருக்காது. உள்ளே பேட்டரி உப்பித் திரையை மேலே தள்ளியிருக்கும். அந்த ஃபோனை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியும், கெட்டியான உறைக்குள் திணித்தும் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபோன்தான் வேலை செய்கிறதே என்ற தைரியம். உப்பிய பேட்டரி பெரும்பாலும் கடைசி வரை மின்சாரம் தந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே ஃபோன் ஓடுகிறது என்பதை வைத்து பேட்டரி நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யவே முடியாது.

ஃபோனிலும் லேப்டாப்பிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. காற்றுப் புகாத மெல்லிய அலுமினியப் பைக்குள் கிராஃபைட் பூசிய செப்புத் தாளும், லித்தியம் சேர்மம் பூசிய அலுமினியத் தாளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். இரண்டும் தொட்டுவிடாமல் நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று காக்கிறது. இவற்றை நனைத்திருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் வகை. வெப்பத்தாலும், கூடுதல் மின்னழுத்தத்தாலும், வயதாலும் அந்தத் திரவம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. வெளியேற வழியில்லாததால் பை உப்புகிறது.

‘ஊசியால் சின்னதாக ஒரு குத்து, காற்று இறங்கினால் சரியாகிவிடும்’ என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஊசி அந்தப் படலத்தைக் கிழித்து இரண்டு தாள்களையும் இணைத்துவிடும். அந்த இடத்தில் ஷார்ட் ஆகி எழும் சூடு பக்கத்து அடுக்கைச் சிதைக்கும், அது சிதையும்போது இன்னும் சூடு கிளம்பும். சில நொடிகளில் தீப்பிடிக்கக்கூடும். சூடேறிய பேட்டரி தனக்குள்ளிருந்தே ஆக்சிஜனையும் வெளிவிடுவதால், துணியைப் போட்டு மூடுவது இந்தத் தீக்குச் சரிவராது. வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற நச்சு வாயு இருக்கும், நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். எழும்பிய திரையைக் கட்டைவிரலால் அமுக்கி உட்கார வைப்பதும் இதே ஆபத்துதான். விரலின் அழுத்தமும் அந்தப் படலத்தின் மேல்தான் விழுகிறது.

உப்பலை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள முடியும். ஃபோனைத் தட்டையான கண்ணாடியின் மேல் மல்லாக்க வைத்து மூலைகளை மெல்லத் தொட்டுப் பாருங்கள். முன்பு ஆடாத ஃபோன் இப்போது ஆடினால் சந்தேகப்பட வேண்டும். இருட்டில் திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிவது, திரையின் நடுவே மட்டும் நிறம் மாறித் தெரிவது, பின்மூடியில் நகம் நுழையும் அளவு இடைவெளி ஆகியவையும் அடையாளங்கள். லேப்டாப்பில் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் டச்பேட். அழுத்தினால் ‘கிளிக்’ ஆகாமல் கெட்டியாக நிற்கும். பழைய ஃபோன் வாங்கும்போதும் உறையைக் கழற்றச் சொல்லி இதே சோதனைகளைச் செய்யுங்கள்.

உப்பியிருக்கிறது என்று தெரிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். படங்களையும் தொடர்பு எண்களையும் காப்பாற்ற வேண்டுமானால், ஃபோன் சூடில்லாமல் இருந்தால் மட்டும், மிச்சமிருக்கும் சார்ஜிலேயே அதை முடித்துவிட்டு அணைத்துவிடுங்கள். ‘பேக்கப் எடுக்க ஒரே ஒரு தடவை’ என்று மறுபடி சார்ஜில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. நிறைந்த பேட்டரி தீப்பிடித்தால் சீற்றம் அதிகம், காலியான பேட்டரியில் குறைவு. பிறகு ஃபோனைப் பீங்கான் தட்டிலோ ஓட்டுத் தரையிலோ, துணி, காகிதம், மெத்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பைக்குள், பாக்கெட்டில், ஃப்ரிட்ஜில், இறுக மூடிய டப்பாவில் வேண்டாம்.

புகை வந்துவிட்டால் ஆட்களை வெளியேற்றி, முடிந்தால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, தீயணைப்புத் துறையை அழையுங்கள். சிறிய கருவி என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பது பலன் தரும். விமானப் பணியாளர்களுக்குக் கற்பிக்கப்படுவதும் அதுவே. சுடர் அணைந்த பிறகும் மீண்டும் பற்றக்கூடும் என்பதால் உடனே கையில் எடுக்காதீர்கள்.

கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடவே கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும் பேட்டரியால் அதை அள்ளுகிறவர்களின் உயிருக்கு ஆபத்து. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ‘இது உப்பியது’ என்று சொல்லிக் கொடுங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள், பழுதான லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் ஏறக்கூடாது.

பேட்டரி உப்புவதற்கு முக்கியக் காரணம் சூடும் முழு சார்ஜும் சேர்ந்திருப்பது. 100 சதவீதம் என்று காட்டும்போது உள்ளே 4.2 வோல்ட் இருக்கும். இப்போதைய பல ஃபோன்களில் அது 4.35 வோல்ட்டையும் தாண்டும். அந்த நிலையில் தலையணைக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ கிடக்கும் பேட்டரி வேகமாகச் சிதைகிறது. இரவு முழுக்க சார்ஜில் இருந்தால் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயம் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள ஃபோன் தானே நிறுத்திக்கொள்ளும். கெடுதல் செய்வது, நிறைந்தபடி மணிக்கணக்கில் சூட்டில் இருப்பது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருந்தால் இன்றே போடுங்கள். எப்போதும் மின்இணைப்பிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு இது மிக அவசியம். பயன்படுத்தாமல் வைக்கும் பழைய ஃபோனில் பாதி அளவு சார்ஜ் வைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள். பூச்சியத்தில் போட்டுவைத்தால் அதுவும் கெடும்.

மாற்று பேட்டரி வாங்கும்போது ஃபோனின் மாடல் எண், வோல்ட், பேட்டரியின் மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட் மணி மூன்றும் பழையதுடன் பொருந்த வேண்டும். அதே அளவு பையில் ‘இரண்டு மடங்கு எம்ஏஎச்’ (கொள்ளளவைக் குறிக்கும் மில்லி ஆம்பியர் மணி) என்று போட்டிருந்தால் அந்த எண்ணே பொய். பின்னால் ஒட்டியிருக்கும் பேட்டரியை இரும்புத் தகடால் நெம்பும் கடையில் ஃபோனைக் கொடுக்காதீர்கள். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, பசையை இளக்கி, பிளாஸ்டிக் கருவியால் எடுப்பதே முறை.

பவர் பேங்குக்கும் உள்ளே இதே பேட்டரிதான், அங்கே ஏமாற்று இன்னும் அதிகம். எம்ஏஎச் எண்ணை பேட்டரியின் சராசரி வோல்ட்டான 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் மணி. லித்தியம் அயான் பேட்டரி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 250 வாட் மணிதான் தாங்கும். ஆக 37 வாட் மணிக்கு பேட்டரி மட்டுமே 150 கிராம் அளவுக்கு வரும், வெளிக்கூடும் சர்க்யூட்டும் தனி. 20,000 எம்ஏஎச் என்று அச்சிட்ட பவர் பேங்க் கையில் 150 கிராம்தான் கனக்கிறது என்றால் வாங்காமல் வைத்துவிடுங்கள். மறுபக்கம், 10,000 எம்ஏஎச் பவர் பேங்கின் தாளில் ‘வெளியீடு 6,000 எம்ஏஎச்’ என்று இருந்தால் அது ஏமாற்று இல்லை. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது எண் குறையும், சர்க்யூட்டிலும் கொஞ்சம் வீணாகும். அதை ஒளிக்காமல் போடும் நிறுவனத்தையே நம்பலாம்.

விமானப் பயணத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிக்கு அனுமதியில்லை. கொள்ளளவு எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையிலேயே எடுத்துவைத்துவிடக் கூடும்.