சுருதி இறங்கினால் யார் தப்பு?

பக்கவாத்தியமே இல்லாமல் பல குரல்களாகச் சேர்ந்து பாடும் சிறிய குழுவான சேம்பர் கொயரில் இருபது, முப்பது பேர்தான் இருப்பார்கள். கொயர் மாஸ்டர் இசைக்கவையை (tuning fork) தட்டிக் காதருகே பிடித்து, ஆரம்பச் சுரத்தை மெல்லப் பாடிக் காட்டுவார். பாட்டு தொடங்கும். ஐந்தாறு நிமிடத்தில் பாட்டு முடிந்ததும் மறுபடி இசைக்கவையைத் தட்டிப் பார்த்தால், சில சமயம் குழு மொத்தமும் அரைச்சுரம் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். இத்தனைக்கும் நடுவில் எங்கேயும் அபசுரம் தட்டியிருக்காது.

உடனே பழி பாடகர்கள் மேல் விழும். களைப்பு, மூச்சுப் பற்றாக்குறை, கவனக்குறைவு எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அருமையாகப் பாடும் குழுவுக்கும் சுருதி இறங்கும். அருமையாகப் பாடுவதாலேயே இறங்கும் என்றுகூடச் சொல்லலாம்.

தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால், யாரும் பாடாமலே ஒரு காந்தாரம் காதில் விழும். சட்ஜத் தந்தி தன் அதிர்வெண்ணின் 2, 3, 4, 5 மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. அந்த ஐந்தாவது மடங்குதான் நாம் கேட்கும் காந்தாரம். இரண்டு ஸ்தாயி கீழே இறக்கிப் பார்த்தால், ச–க விகிதம் 4:5. அதேபோல ச–ப 2:3.

மனிதக் குரலிலும் இதே மடங்குகள் உண்டு. ஒருவர் 220 ஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 275 ஹெர்ட்ஸிலும் பாடினால், முதலாமவரின் ஐந்தாவது மடங்கும் அடுத்தவரின் நான்காவது மடங்கும் சரியாக 1100-இல் வந்து சேரும். காது அதை ஒரே ஒலியாக எடுத்துக்கொள்கிறது. பியானோவில் அந்தக் காந்தாரம் ஏறக்குறைய 277.2 ஹெர்ட்ஸ். அதன் நான்காவது மடங்கு சுமார் 1109. 1100-க்கும் 1109-க்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு ஒன்பது விம்மல்களாக, அதாவது ஒலி கூடிக் குறையும் துடிப்புகளாகக் கேட்கும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதற்கு பியானோ கொடுக்கும் விலை அது. கொயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாடகர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு, விம்மல் அடங்கும் இடத்துக்குக் குரலை நகர்த்திவிடுவார்கள்.

இதை நிதானமாக ஆராய்ந்த ஊர் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம். கொயர் மாஸ்டர் எரிக் எரிக்சன் 1945-இல் தன் சேம்பர் கொயரைத் தொடங்கியது அங்கேதான். அதே ஊரின் கேடிஎச் தொழில்நுட்பக் கழகத்தில் யோஹான் சுந்த்பெரியும் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரமும் கொயர் பாடகர்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார்கள். கேட்கும் ஒலியில் பொதுவான மேல் மடங்குகள் தெளிவாக இருந்து, குரல் நடுக்கமும் இல்லாவிட்டால், பாடகர்கள் அதோடு இன்னும் துல்லியமாகச் சேர்கிறார்கள் என்று தெரிந்தது. சேம்பர் கொயர்கள் பெரும்பாலும் அசைவில்லாத குரலில் பாடுவது ஏன் என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தனியாகப் பாடும்போது 2000–3000 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும் அதே பாடகர், கொயரில் நின்றால் அதைத் தணித்துக்கொள்கிறார். தன் குரல் மற்றவர்களின் குரலைவிடச் சராசரியாக 6 டெசிபெல் கூடுதலாகக் கேட்பதுதான் பாடகருக்குப் பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே போகப் போகத் தன் குரலையே தேட வேண்டியிருக்கும்.

சரி, ஒவ்வொரு கார்டும் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) சுத்தமாக இருந்தால் சுருதி ஏன் இறங்க வேண்டும்? ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ச = 243 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். முதல் கார்ட் ச-க-ப. அடுத்தது த-ச-க. ச அப்படியே நிற்கிறது, அதற்குச் சுத்தமான த 405 (ச–த 3:5). மூன்றாவது ரி-ம-த. இப்போது 405-இல் நிற்பது த, அதற்குப் பொருந்தும் ரி 270. நான்காவது ப-நி-ரி. 270-ஐப் பிடித்துக்கொண்டால் ப 360 (ரி–ப 3:4). ஐந்தாவதில் ச-க-ப என்று வீடு திரும்புகிறோம். 360-க்குப் பொருந்தும் ச எவ்வளவு? 240.

243-இல் கிளம்பி 240-க்கு வந்து சேர்ந்துவிட்டோம்! வழியில் யாரும் தப்பே செய்யவில்லை. ஒவ்வொருவரும் முந்தைய கார்டிலிருந்து ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்குச் சுத்தமாகச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். இதே சுற்றை ஐந்து முறை பாடினால் அரைச்சுரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிடும். 16ஆம் நூற்றாண்டிலேயே ஜியோவன்னி பத்திஸ்தா பெனெடெத்தி என்ற இத்தாலியக் கணித அறிஞர், சிப்ரியானோ டி ரோரே என்ற இசையமைப்பாளருக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அவை 1585-இல் அச்சாகின. நம் காலத்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோவர்ட், நால்வர் குழுவின் கழுத்தில் மின்முனைகளைப் பொருத்தி ஒவ்வொருவரின் சுருதியையும் தனித்தனியாக அளந்தார். சுத்த விகிதங்கள் எந்தப் பக்கம் இழுக்குமோ, அந்தப் பக்கமே குழுவும் நகர்ந்தது.

கர்நாடகக் கச்சேரியில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம் தம்புரா. எல்லாச் சுரமும் ஒரே ஆதார சட்ஜத்தோடுதான் ஒப்பிடப்படுகிறது, அந்தச் சட்ஜமும் நகர்வதில்லை. கொயருக்கோ, ஒரு நொடி முன்பு பாடிய கார்ட்தான் ஆதாரம். அதிலும் கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தில் ஒலி பல நொடிகள் தங்கி நிற்கும். பழைய கார்ட் காற்றில் இருக்கும்போதே புதியது அதன் மேல் வந்து விழுகிறது, அதனால் இந்தப் பிடிப்பு இன்னும் இறுகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, குரல் பிரிவுக்கு ஒருவராகப் பாடுவதற்கு எழுதப்பட்ட மாட்ரிகல் என்ற பழைய காதல் பாட்டுகளில் சொற்கள் விரைந்து ஓடும். அதே வேகம் தேவாலயத்தில் குழம்பிப் போகும், அங்கே நீண்ட சுரங்கள்தான் எடுபடும்.

இறங்குவதைத் தடுக்க வழி இருக்கிறது. மூன்றாவது கார்டில் 270-இல் நிற்கும் ரி, நான்காவதில் சுமார் 273.4-க்கு ஏறிவிட்டால் ச தன் இடத்துக்கே திரும்பிவிடும். ஒரே சுரம் திரும்ப வரும் இடங்களில் "கொஞ்சம் மேலே நினைத்துப் பாடுங்கள்" என்று கொயர் மாஸ்டர்கள் சொல்வது இதற்கு உதவும். பாட்டின் கடைசியில் ஆர்கன் வந்து சேரப்போகிறது என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆர்கன் வராத பாட்டில், இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடும் கொயர் மாஸ்டர்களும் உண்டு. அந்த 4:5 காந்தாரத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டதிலிருந்து, நான் அவர்கள் கட்சி.