வாட்ஸ்அப் படத்தில் புதுப் பேரினம் கிடைக்குமா?

மாதத்துக்கு ரெண்டு பேராவது சிலந்திப் படம் அனுப்பி, “சார், இது புது வகையா?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் குளியலறை மூலையில் தலைகீழாகத் தொங்கும் நெட்டைக்கால் சிலந்திதான். தொட்டால் வலையோடு சேர்ந்து கிறுகிறுவென ஆடுமே, அது. ஃபோல்சிடே குடும்பம். வெப்பமண்டலத்தில்தான் அதிகம். (கடித்தால் ஆள் காலி என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது.)

எந்த இனம் என்று கண்டுபிடிக்கக் கால் நீளத்தை நான் பார்ப்பதே இல்லை. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை நெட்டைக்கால்தான். வளர்ந்த ஆணுக்கு முகத்தருகே ரெண்டு குட்டை உறுப்புகள் உருண்டு புடைத்திருக்கும். பெண்ணிடம் விந்தைச் சேர்ப்பவை அவை. அவற்றின் முள்ளும் மடிப்பும் இனத்துக்கு இனம் மாறும். நுண்ணோக்கியில் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி வரைந்தால்தான் பிடிபடும். குஞ்சைக் கொடுத்தால் கையை விரித்துவிடுவேன்.

புது இனம் என்பதே பெரிய வேலை. பேரினம் என்பது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. புதுப் பேரினம் என்றால், இருக்கிற எந்தப் பேரினத்திலும் இது அடங்காது என்று காட்டியாக வேண்டும். வகைமாதிரியாக ஓர் இனத்தையும் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. 2005இல் சிலந்தி ஆய்வாளர்கள் பெர்ன்ஹார்ட் ஹூபரும் சுரேஷ் பெஞ்சமினும் இலங்கைச் சிலந்திகளுக்காக வன்னியலா என்ற பேரினத்தை நிறுவினார்கள். இலங்கைப் பழங்குடிகளான வேடர்கள் தங்களைக் குறிக்கும் பெயரிலிருந்து எடுத்தது. அப்போது அதில் ரெண்டே இனங்கள்; அப்புறம் இன்னும் சில சேர்ந்தன.

பேரினம் கல்லில் செதுக்கியதும் அல்ல. நம் வீட்டு மூலைச் சிலந்தியையே பாருங்கள்: கிராஸோபிரைஸா லையோனி (பிளாக்வால், 1867). அந்த அடைப்புக்குறி சும்மா போட்டதில்லை. 1867இல் முதலில் பெயரிட்ட பிளாக்வால் அதை ஃபோல்கஸ் பேரினத்தில் வைத்தார். பிறகு கிராஸோபிரைஸா பேரினத்துக்கு இடம் மாறியது என்று அர்த்தம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? புடைத்த உறுப்புள்ள ஆணாகப் பார்த்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். ஊர், தேதி, சுவரா, சருகா, பாறை இடுக்கா என்று எழுதுங்கள். காட்டில் அனுமதியில்லாமல் பிடிக்காதீர்கள். மாதிரியைச் சேகரிக்கும் மாணவர்களுக்கு ஒன்று: ஊர், தேதிச் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். ஆரம்பத்தில் நான் பால்பாயின்ட் பேனாவில் எழுதிச் சாராயப் புட்டிக்குள் போட்டேன். ஒரே வாரத்தில் மை கரைந்து சாராயம் நீலமானது. அருமையான ஆண் அது. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, எந்த ஊர் என்றே தெரியாமல்.