மகளின் ஆமிக் கடிதத்துக்கும் 2022 வாக்கெடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

டென்மார்க்கில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களுக்குச் சமூகக் கல்வி எடுக்கிறேன். எங்கள் தமிழ்ப் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான்: "2022இல ஐரோப்பாவோட சேர ஆம் என்று போட்டதாலதானே பொம்பிளைப் பிள்ளைகளையும் ஆமிக்குக் கூப்பிடுறாங்கள்?"

இல்லை. அது வேறு, இது வேறு. ஆனால் போரை நேரில் கண்டு வந்தவர்களின் பயம் லேசானதல்ல. அதனால் 2022 வாக்கெடுப்பு எதைப் பற்றியது என்பதிலிருந்து கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டேனிஷ் மக்கள் 50.7 சதவீத வாக்குகளால் மறுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பேசி, நான்கு விடயங்களில் ஒன்றியத்தோடு சேராமல் இருக்க விலக்கு வாங்கினார்கள். அதில் ஒன்று பாதுகாப்பு. இதை நடுநிலைமை என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் டென்மார்க் 1949இலிருந்தே நேட்டோ இராணுவக் கூட்டணியில் இருக்கிறது, ஆப்கானிஸ்தானுக்கும் படை அனுப்பியது. விலக்கு இருந்த காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியின் கீழ் மட்டும் படை போகவில்லை, அவ்வளவுதான்.

நடைமுறையில் இது சங்கடமாகவே இருந்தது. 2002இன் இரண்டாம் பாதியில் ஒன்றியத்தின் தலைமை டென்மார்க்கிடம் இருந்தது, ஆனால் பாதுகாப்பு விடயங்களுக்கு மட்டும் கிரேக்கம் தலைமை தாங்கியது. 2004 டிசம்பரில் பொஸ்னியாப் பொறுப்பை நேட்டோ ஒன்றியத்திடம் கொடுத்தபோது, அந்தப் புதிய படையில் டேனிஷ் வீரர்களுக்கு இடமில்லை. சோமாலியக் கடற்கொள்ளையருக்கு எதிராக ஒன்றியம் 2008இல் தொடங்கிய நடவடிக்கையிலும் அதே கதை. மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனத்தின் தாய்நாடான டென்மார்க், நேட்டோ வழியாகத்தான் அங்கே போர்க்கப்பல் அனுப்பியது.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022 ஜூன் 1ஆம் தேதி 66.9 சதவீதம் பேர் "ஆம்" என்று போட்டு அந்தப் பாதுகாப்பு விலக்கை நீக்கினார்கள். நானும் அப்படித்தான் வாக்களித்தேன். பக்கத்து வீடு எரியும்போது முடிவெடுக்கும் மேசையில் நாமும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். விலக்கு இருக்கட்டும் என்று "இல்லை" போட்டவர்கள் "ஐரோப்பிய இராணுவம்" வந்துவிடும் என்று அஞ்சினார்கள். ஆனால் ஒன்றியம் ஓர் இராணுவ நடவடிக்கையைத் தொடங்க உறுப்பு நாடுகளின் ஒருமித்த முடிவு வேண்டும். அதற்கு ஆள் அனுப்புவதா என்பதை டென்மார்க்கே தீர்மானிக்கும், அதுவும் நாடாளுமன்றத்தின் சம்மதத்தோடு. ஒருவரைக் கட்டாய சேவைக்கு அழைக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்குக் கிடையாது.

சரி, மகளுக்கு ஏன் கடிதம்? கட்டாய சேவை டென்மார்க்கின் சொந்தச் சட்டம். ஆண்களுக்கான அந்தக் கடமை அரசியலமைப்பின் 81ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 2025 ஜூலை 1க்குப் பிறகு 18 வயதாகும் பெண்களையும் அதில் சேர்த்தது டேனிஷ் நாடாளுமன்றம். நான்கு மாதமாக இருந்த அடிப்படைச் சேவையைப் பதினொரு மாதமாக்கியதும் அதே இடம்தான். ரஷ்யா பற்றிய அச்சமும் நேட்டோவுக்குக் கொடுத்த வாக்குறுதிகளும் காரணம். வாக்கெடுப்பில் "இல்லை" வென்றிருந்தாலும் இது வந்திருக்கலாம்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. இந்தக் கடமை டேனிஷ் குடியுரிமை உள்ளவர்களுக்கு. நீங்கள் குடியுரிமை எடுக்கும்போது பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கிடைத்தால், இதுவும் கூடவே வரும். கடிதம் வந்த உடனே சேவை இல்லை. அது மருத்துவப் பரிசோதனையும் குலுக்கலும் நடக்கும் நாளுக்கான அழைப்பு. முதலில் விரும்பி வருகிறவர்களை எடுப்பார்கள், போதாவிட்டால்தான் குலுக்கல் எண் பேசும். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராதவர்கள் அதற்குப் பதிலாகச் சிவில் சேவை செய்ய விண்ணப்பிக்கலாம். கடிதம் பிள்ளையின் டிஜிட்டல் தபால்பெட்டிக்குத்தான் வரும், உங்கள் பெட்டிக்கு வராது. காரணமில்லாமல் போகாமல் விட்டால் தண்டப்பணம் கட்ட நேரிடும், ஆகவே பெட்டியைத் திறந்து பார்க்கும்படி பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.